கண்ணாடிக்குள் ஒரு சமுத்திரம்

மயிலைக் கபாலீசுவரர் கோயில் குளத்துப் படிக்கட்டில் நின்று ஒரு பிடி பொரியை ஜலத்தில் வீசினால், அடுத்த கணமே நூறு வாய்கள் மேலே வந்து திறக்கின்றன. மயிலாப்பூர்வாசிகளில் அநேகருக்கு மீன் என்னும் ஜாதியோடு உள்ள பரிசயம் இவ்வளவுதான். குளத்து மீன்கள் பரம சாதுக்கள். பொரி போட்டால் தின்னும்; போடாவிட்டால் பாசியைத் தின்னும். ஆனால் அதே படிக்கட்டிலிருந்து புறப்பட்டு, கச்சேரி ரோடு வழியாகக் கிழக்கே நடந்து, சாந்தோமைத் தாண்டிக் கடற்கரையை அடைந்தோமானால், அலைக்கு அப்பால் முற்றிலும் வேறொரு ராஜ்யம் இருக்கிறது. அங்கே பெரியது சிறியதைத் தின்னும். அதைவிடப் பெரியது அந்தப் பெரியதைத் தின்னும். இந்த ராஜ்யத்தில் ஒரு துண்டை வெட்டியெடுத்துக் கண்ணாடிக்குள் வைத்து, சென்னை வாசிகள் குழந்தை குட்டிகளுடன் பார்க்கும்படி செய்ய முடியுமா, செய்வதானால் எங்கே, எப்படி என்று திட்டம் போடுவதற்காகவே நாம் கடற்கரையில் நடந்தோம்.

இது ஏதோ புதிதாய் முளைத்த ஆசை என்று நேயர்கள் எண்ண வேண்டாம். பழைய சென்னையில் மிருகக்காட்சிச் சாலையை ‘உயிர்க் காலேஜ்’ என்றும், எழும்பூர் மியூஸியத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் ஜனங்கள் சொல்வதுண்டு. அந்தச் செத்த காலேஜுக்குத் தலைவராக இருந்த எட்கார் தர்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர்தாம், உயிருள்ள மீன்களுக்கு மெரீனாவில் ஒரு மாளிகை எழுப்பினார். முத்துக் குளிக்கும் துறைகளையும் பவளப் பாறைகளையும் ஆராய்ந்தவர் அவர். கவர்னராயிருந்த ஆம்ப்ட்ஹில் பிரபு 1905-ஆம் ஆண்டில் யோசனை சொன்னார். 1909-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 21-ஆந் தேதி பொதுஜனங்களுக்குக் கதவு திறந்தது. இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதன்மையானது. பத்து வருஷம் மியூஸியத்தின் மேற்பார்வையில் இருந்துவிட்டு, 1919-ல் மீன்துறை இலாகாவின் கைக்கு மாறியது.

அதன் முடிவு யுத்தத்தினால் வந்தது. 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஜப்பானியர் குண்டு போடப் போகிறார்கள் என்ற பீதியில் சென்னைப் பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறியது. கூண்டு உடைந்தால் சிங்கமும் புலியும் தெருவில் திரியுமே என்று பயந்து, பீப்பிள்ஸ் பார்க்கிலிருந்த துஷ்ட மிருகங்களைச் சுட்டுக் கொன்றார்கள். மீன் சாலை மூடப்பட்டதும் அந்த வருஷத்திலேதான். உயிர்க் காலேஜ் யுத்தத்துக்குப் பின்னும் நடந்து, 1985-ல் வண்டலூருக்குக் குடி பெயர்ந்து, இன்று பெருவாழ்வு வாழ்கிறது. மெரீனாவின் மீன் சாலைக்கோ அந்தப் பாக்கியம் இல்லை. 2019-ஆம் ஆண்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில், கண்ணாடிச் சுரங்கத்தின் வழியே நடந்து பார்க்கும் மீன் மாளிகை ஒன்றைத் தனியார் திறந்தார்கள், பார்க்க வேண்டியதுதான். ஆனால் திருவல்லிக்கேணியிலிருந்தும் மயிலையிலிருந்தும் மாலை நேரத்தில் காலாற நடந்து போய்ப் பார்த்துவிட்டு, சுண்டல் வாங்கிக்கொண்டு திரும்பும்படியான ஒன்று இன்று இல்லை.

திட்டத்துக்கு முதல் படி, யார் யாரைக் குடிவைப்பது என்பது. இதற்கு நொச்சிக்குப்பத்தைவிடச் சிறந்த கலாசாலை கிடையாது. கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே, 2024-ல் திறந்த மீன் அங்காடியில், நாம் தேடும் வேட்பாளர்கள் அத்தனை பேரும் ஐஸ் கட்டியின் மேல் சயனித்திருக்கிறார்கள். வாங்கும் உத்தேசம் இல்லாமல் ஒவ்வொரு மீனின் வாயையும் திறந்து பார்த்துக்கொண்டு போகிறவர்களை அங்கே வியாபாரம் செய்யும் அம்மாள்கள் என்ன நினைப்பார்களோ, அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. இருந்தாலும் கேட்டதற்குப் பதில் சொன்னார்கள்.

முதலில் பாறை. வெள்ளி வாளிபோல் பளபளக்கும் உடல். இவற்றில் பெரிய வகை ஒன்று ஒரு மனிதனின் உயரத்துக்கே கிட்டத்தட்ட வளரும். இது ஓயாமல் சுற்றும். அடுத்தது ஷீலா. ஈட்டிபோல் நீண்ட உடல். கீழ்த்தாடை முன்னே நீட்டி, பற்கள் ஒன்றுக்கொன்று இசையாமல் நிற்கும். (பெயர் விஷயத்தில் ஜாக்கிரதை வேண்டும். தூத்துக்குடிப் பக்கத்தில் ‘சீலா’ என்று கேட்டால் நம் ஊர் வஞ்சிரத்தை எடுத்துக் கொடுப்பார்கள். இங்கே ஷீலா என்பதை அங்கே ஊளி என்பார்கள்.) வஞ்சிரத்தின் மேல் எல்லோருக்கும் பிரியம் இருந்தாலும், அதை உயிரோடு பிடித்துத் தொட்டியில் காப்பாற்றுவது மிகவும் கஷ்டம். ஓட்டத்திலேயே பிறந்து ஓட்டத்திலேயே வாழ்வது அது. சுவரைக் கண்டால் மோதிக்கொள்ளும். அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்.

களவா இதற்கு நேர் விரோதம். கல்லிடுக்கில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு, பெரிய பண்ணையின் மணியக்காரரைப் போல் உட்கார்ந்திருக்கும். துரத்துவது அதன் கௌரவத்துக்குக் குறைவு. இரை பக்கத்தில் வந்ததும் வாயைத் திறக்கும். திறந்த வேகத்தில் தண்ணீரோடு இரையும் உள்ளே போய்விடும். அஞ்சாளை என்னும் பாம்பு வடிவ மீனையும் கூடவே வைக்கலாம். அதன் தொண்டைக்குள் இரண்டாவது தாடை ஒன்று இருந்து, முன்னே பாய்ந்து இரையைக் கவ்வி உள்ளே இழுக்கிறதென்று 2007-ல் கண்டுபிடித்திருக்கிறார்கள். செங்கடலில் நடந்த ஆராய்ச்சி ஒன்று இன்னும் ரசமானது. களவா ஜாதி மீன் ஒன்று அஞ்சாளையின் பொந்து வாயிலுக்குப் போய்த் தலையை ஆட்டி அழைக்கிறதாம். அஞ்சாளை வெளியே வந்ததும் இரண்டும் சேர்ந்து வேட்டைக்குப் போகின்றன. இது திடலில் துரத்த, அது இடுக்கில் நுழைய, இரைக்குத் தப்ப வழியில்லை. பங்கு பிரித்துக் கொள்வதில்லை. யார் வாயில் அகப்படுகிறதோ அவருக்கு. இந்தக் காட்சியைக் கண்ணாடிக்குள் ஒரு முறை காண்பதற்காகவே எவ்வளவு சிரமமும் படலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

இனித் தொட்டி. வீட்டுக் கூடத்தில் தங்க மீன் வளர்க்கும் தியாகராய நகர்க் குடும்பங்களுக்கு நாற்பது ஐம்பது லிட்டர் போதும். பாறைக்கும் ஷீலாவுக்கும் அது தொட்டி அல்ல, டம்ளர். அவை திரும்புவதற்கே இடம் வேண்டும். நாம் குறித்துக்கொண்ட அளவு 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம். பெரிய கல்யாண மண்டபத்தின் மேடையைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். ஆனால் இதற்குள் 2,16,000 லிட்டர் கடல் நீர் பிடிக்கும். எடை சுமார் 220 டன். அதில் உப்பு மாத்திரம் 7 டன்னுக்கு மேல். 6 மீட்டர் அகலமுள்ள முகப்புக் கண்ணாடி ஒன்றின் மேல் நீர் தள்ளும் பளு ஏறத்தாழ 27 டன். சாதாரணக் கண்ணாடி இதைத் தாங்காது. அக்ரிலிக் என்னும் பளிங்குப் பலகையை அங்குலக் கணக்கில் கனமாக வார்த்துப் பொருத்த வேண்டும். ஜப்பானில் ஒக்கினாவாத் தீவில் 2002-ல் திறந்த மீன் சாலையில் 22 மீட்டருக்கு மேல் நீளமும் 8 மீட்டருக்கு மேல் உயரமும் உள்ள பலகை, 60 சென்டிமீட்டர் கனத்தில் நிற்கிறது. பெர்லின் நகரத்தில் ஒரு ஹோட்டலுக்குள் 10 லட்சம் லிட்டர் கொண்ட உருளைத் தொட்டி ஒன்று இருந்தது. 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி விடியற்காலையில் அது வெடித்து, சுமார் 1,500 மீன்களோடு தெருவில் ஓடிற்று. விடியற்காலையாக இருந்ததால் மனிதர் தப்பினார்கள். இந்தச் செய்தியைக் காண்ட்ராக்டர் அறையில் சட்டம் போட்டு மாட்டி வைக்க வேண்டும்.

மூலைகளும் கூடாது. ஓயாது சுற்றும் மீனுக்கு மூலை என்பது சிறைச்சாலை. மூக்கை மோதிப் புண்ணாக்கிக் கொள்ளும். ஆகவே மூலைகளைச் சற்றே உருட்டிவிட வேண்டும். ஒரு புறத்தில் கல்லும் பொந்துமாகக் களவாவுக்கு. மறுபுறம் தடையில்லாத வெளியாகப் பாறைக்கு.

இதுவரை எல்லாம் சுலபம். கடற்கரையில் மீன் சாலை வைத்தால் கடல் நீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே, குழாய் போட்டு இழுத்தால் முடிந்தது என்று யாருக்கும் தோன்றும். 1909-ல் அப்படித் தோன்றியதில் பிழையும் இல்லை. இன்று மெரீனாவின் வடக்கெல்லையில் கூவமும், தெற்கே பட்டினப்பாக்கத்தை அடுத்து அடையாறும் கடலில் கலக்கின்றன. அவை எதைக் கொண்டுவந்து கலக்கின்றன என்பதைத் திரு.வி.க. பாலத்தின் மேல் பஸ்ஸில் போகும்போது மூக்குள்ள எவரும் அறிவர். நம் கடற்கரை நீரோட்டம் வருஷத்தில் பெரும்பகுதி தெற்கேயிருந்து வடக்கே போகும். வடகிழக்குப் பருவக் காற்று அடிக்கும் மாதங்களில் வடக்கேயிருந்து தெற்கே திரும்பும். ஆகவே ஒரு பாதி வருஷம் அடையாற்றின் பிரசாதம், மறு பாதி கூவத்தின் பிரசாதம் என்று மெரீனாவுக்கு முறை வைத்து வந்துகொண்டிருக்கிறது. போதாக்குறைக்குக் கடலே சில சமயம் வேஷம் மாறும். 2019 ஆகஸ்டு 18-ந் தேதி இரவு பெஸன்ட் நகர் அலைகள் நீலமாய் ஒளி வீசின. ஊரெல்லாம் திரண்டு பார்த்து மகிழ்ந்தது. நாக்டிலூக்கா என்னும் நுண்ணுயிர் பெருகியதால் வந்த ஒளி அது. பார்க்க அழகு, ஆனால் அவை செத்து அழுகும்போது நீரில் பிராணவாயு குறைந்துவிடும். அந்த நீர் நம் குழாய்க்குள் வந்தால், மறுநாள் காலையில் தொட்டியில் மிதப்பதை எண்ண ஆள் வைக்க வேண்டியதுதான்.

முட்டுக்காட்டுக்கும் கோவளத்துக்கும் அப்பால், சுத்தமான கடல் நீரை எடுத்து லாரியில் கொண்டுவந்து, அதையே திரும்பத் திரும்பச் சுத்தி செய்து பயன்படுத்துவது ஒன்றே வழி. 12,000 லிட்டர் லாரியாக இருந்தால், தொட்டி நிரம்ப 18 லாரி. பிறகு வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு மாற்றுவதானால், சுமார் இரண்டு லாரி. இதைச் சொல்லும்போது நமக்கே ஒரு கூச்சம் உண்டாகிறது. 2019 கோடையில் பட்டணத்துக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, தியாகராய நகர் மாடி வீட்டாரெல்லாம் குடத்தோடு தெரு முனையில் லாரிக்குக் காத்து நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். (தியாகராய நகரே ஒரு காலத்தில் ஏரியாக இருந்து, 1920-களில் தூர்க்கப்பட்ட இடம் என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.) அப்படிப்பட்ட ஒரு கோடையில் மீனுக்கு நீர் கொண்டுபோகும் லாரி அவ்வழியே சென்றால், அது உப்பு நீர் என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினாலும் ஜனங்கள் நம்புவார்களா?

சுத்தி செய்வது எப்படி? மாமிசம் தின்னும் மீன்கள் நீரை மிகவும் கெடுப்பவை. அவற்றின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது சிறிது மிகுந்தாலும் மீனின் செவுளை எரித்துவிடும். ஆனால் அதையே ஆகாரமாகக் கொள்ளும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. ஒரு ஜாதி அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷமே. மற்றொரு ஜாதி அதை நைட்ரேட்டாக்கும். அது அவ்வளவு தீங்கில்லை. மணலும் ஓட்டைக் கற்களும் நிறைந்த வடிகட்டியில் இந்த நுண்ணுயிர்கள் குடியேறிப் பெருக ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். பணத்தைக் கொட்டினாலும் அவசரப்படுத்த முடியாத வேலை இது. நுரை எடுப்பதும் உண்டு. சர்க்கரைப் பாகு காய்ச்சும்போது சிறிது பால் விட்டால் அழுக்கெல்லாம் நுரையாகத் திரண்டு மேலே வருமே, வீட்டு அம்மாமார்கள் கரண்டியால் எடுத்து எறிவார்களே, அந்த மாதிரி. இங்கே பாலுக்குப் பதில் பொடிப் பொடியான காற்றுக் குமிழிகள். மொத்த நீரும் ஒன்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இவற்றின் வழியே போய் வர வேண்டும்.

போய் வருவதற்கு மின்சாரம் வேண்டும். இதுதான் நம் திட்டத்தின் உயிர் நாடி. குளிர்ந்த நாட்டுக் கடல் நீரில் இருக்கும் பிராணவாயுவில் முக்கால் பங்குதான் நம் ஊர் முப்பது டிகிரி நீரில் கரைந்திருக்கும். பெரிய பாறைகளும் சுறாக்களும் அதை விரைவில் செலவழித்துவிடும். 2016 டிசம்பர் 12-ந் தேதி வார்தா புயல் அடித்த பிறகு, சென்னையில் பல தெருக்களுக்கு நாட்கணக்கில் மின்சாரம் வரவில்லை. மனிதர்கள் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு சமாளித்தார்கள். மீன் சாலையில் இயந்திரம் நின்றால் நாட்கணக்கு அல்ல, மணிக்கணக்குத்தான். ஒன்றுக்கு இரண்டாக ஜெனரேட்டர். அவை வெள்ளம் எட்டாத மாடியில். இதில் சிக்கனம் பார்ப்பவர்கள் இந்தக் காரியத்தைத் தொடாமலிருப்பது மீன்களுக்குச் செய்யும் உபகாரம்.

சுறா வேண்டாமா என்று குழந்தைகள் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்ல நம்மிடம் ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவில் மான்டரே மீன் சாலையில் 2004-ல் ஒரு வெள்ளைச் சுறாக் குட்டியை விட்டார்கள். 198 நாள் வாழ்ந்தது. ஜனங்கள் திரள் திரளாக வந்தார்கள். பின்னர் அது உடன் இருந்த வேறு இரண்டு சுறாக்களைக் கொன்றுவிட்டது; கடலிலேயே கொண்டு விட்டுவிட்டார்கள். நீந்திக்கொண்டே இருந்தால்தான் மூச்சு விட முடியும் என்னும் பெரிய சுறாக்களுக்கு நம் தொட்டி போதாது. தரையில் படுத்தபடியே மூச்சு விடக்கூடிய சிறு சுறா வகைகள் நம் கரையிலேயே உண்டு. அவற்றில் இரண்டு மூன்று போதும். சுறாவுக்கும் திருக்கைக்கும் மின்சாரத்தை உணரும் சக்தி இருப்பதால், பம்பிலிருந்து துளி கசிந்தாலும் அவற்றுக்கு உபத்திரவம். சட்டமும் இருக்கிறது. களவா ஜாதியிலே மிகப் பெரிதான ராக்ஷசக் களவா, வேளாச் சுறா, திமிங்கிலச் சுறா முதலியவற்றை 2001-ஆம் ஆண்டிலேயே புலிக்குச் சமமான பாதுகாப்பில் வைத்துவிட்டார்கள். வலையில் தற்செயலாக அகப்பட்டாலும் தொட்டிக்குக் கொண்டுவர முடியாது. இது நியாயமே.

இடம் எது? மெரீனா மணலின் மேலேயே கட்டலாம் என்பவர்கள் கொஞ்சம் சரித்திரம் படிக்க வேண்டும். மெரீனாவின் அகன்ற மணல், துறைமுகம் கட்டியதற்குப் பிறகு தெற்கே வந்து ஒதுங்கிய மணல்தான். ஆனால் அயோத்தியாக் குப்பமும் நடுக்குப்பமும் நொச்சிக்குப்பமும் நேற்று வந்து ஒதுங்கியவை அல்ல. 1985-ஆம் ஆண்டில் கடற்கரையை அழகு செய்வதற்கென்று கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்தியபோது எழுந்த கிளர்ச்சியில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்து, உயிர்கள் போயின. 2004 டிசம்பர் 26-ந் தேதி ஆழிப் பேரலை வந்தபோதும் முதல் அடி அவர்களுக்குத்தான். 2023-ல் லூப் ரோட்டு ஓரத்தில் மீன் விற்ற பெண்களை அப்புறப்படுத்தியபோதும் பெரிய மனஸ்தாபம் உண்டாயிற்று. உயிரோடு மீனைக் காட்டுவதற்காக, மீனைப் பிடித்துப் பிழைப்பவர்களை அகற்றுவது என்றால், அந்தச் சாலைக்கு நாம் டிக்கெட் வாங்கப் போவதில்லை. மணல் மேல் ஒரு செங்கல்லும் வேண்டாம். கடற்கரைச் சாலைக்கு மேற்கே, பழைய சர்க்கார் கட்டடம் ஏதேனும் ஒன்றைச் சீர்திருத்தி, தொட்டியைத் தரை மட்டத்துக்கு மேலே உயர்த்தி வைக்கலாம். தூண்டிலில் மீனைக் காயமில்லாமல் பிடித்துக் கொடுப்பதும், ஆழத்திலிருந்து வருகிற களவாவின் வயிற்றில் உப்பிய காற்றைப் பக்குவமாக வெளியேற்றுவதும், தினந்தோறும் மத்தியும் காரலும் நெத்திலியும் வாங்கி வருவதும் குப்பத்து இளைஞர்களின் உத்தியோகமாக இருக்க வேண்டும்.

ஆனால் முதல் குடிகள் கடலிலிருந்து வர வேண்டியதே இல்லை. சாந்தோம் நெடுஞ்சாலையில், ராஜா அண்ணாமலைபுரத்தில், 1987-ல் ஏற்பட்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. தினம் அதன் வாசலைக் கடந்து போகிறவர்களில் எத்தனை பேர் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டிருப்பார்கள்? கடலுக்கும் கழிமுகத்துக்கும் போய் வந்து வாழும் கொடுவா என்னும் வேட்டை மீனை, 1997-ல் இந்தியாவிலேயே முதன் முதலாகத் தொட்டியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கச் செய்தவர்கள் இவர்களே. கடல்விரால் என்னும் மற்றொரு பெரிய வேட்டை மீனை 2010-ல் மண்டபத்தில் அவ்வாறே பொரிக்கச் செய்திருக்கிறார்கள். இந்தக் கொடுவா ஆணாக வளர்ந்து, சில வருஷங்களுக்குப் பிறகு பெண்ணாகிவிடும். களவாவோ பெண்ணாயிருந்து பிறகு ஆணாகும். இரண்டையும் ஒரே தொட்டியில் வைத்துவிட்டால், மயிலாப்பூர் ஜோசியர்கள் யாருக்கும் ஜாதகம் கணிக்க வராது.

ஆக, வடிகட்டி பழுத்து, அம்மோனியா இறங்கி, எட்டு வாரம் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு காத்திருந்த பிறகு, விரல் நீளக் கொடுவாக் குஞ்சுகள் இருநூறைப் பக்கத்துச் சிறு தொட்டிகளில் விடுவது நம் உத்தேசம். இவற்றை மூன்று நாளுக்கொரு தடவை பெரிது, நடுத்தரம், சிறிது என்று பொறுக்கி வேறு வேறாகப் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வாரம் அசட்டையாக இருந்தால், கூடப் பிறந்தவற்றைத் தின்று முடித்துவிட்டு, கொழுத்த சில மாத்திரம் மிஞ்சும்.